ஆறடி ஐந்தா, ஐந்தடி ஒன்பதா?

ஜூன் மாதக் கடைசியில், வட அமெரிக்க லீகான என்.ஹெச்.எல்.-லின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் ட்ராஃப்ட் நெருங்கினால் ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்கள் நடுவில் இந்தச் சண்டை தவறாமல் வந்துவிடும். 18 வயதுப் பையன், நன்றாக ஸ்கேட் செய்கிறான், பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லை) அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது, ஆனால் உயரம் 5 அடி 9 அங்குலம், அதிலும் டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரன். எடுக்கலாமா, வேண்டாமா? நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் 5 அடி 9 என்றால் மாப்பிள்ளை நல்ல உயரம் என்பார்கள். என்.ஹெச்.எல். டிஃபென்ஸில் அது பொடியன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரம் முக்கியம்தான், ஆனால் ட்ராஃப்டில் அதற்குக் கொடுக்கிற விலை அதன் மதிப்பைவிட ரொம்ப அதிகம். அதற்காகக் குள்ளமான பையன்களை எல்லாம் வாரி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆட்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

நான் மான்ட்ரியல் அணியின் ரசிகன் என்பதால் லேன் ஹட்சனிடமிருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 ட்ராஃப்ட் மான்ட்ரியலில்தான் நடந்தது. அமெரிக்காவின் தேசியப் பயிற்சி அணியில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவும் அசிஸ்டுக்கு ஒன்று) எடுத்த பையன் இவர். ஆனால் பட்டியல்களில் 5 அடி 8 அங்குலம் என்று போட்டிருந்தார்கள். தனக்கு எலும்பு வளர்ச்சி தாமதம், இன்னும் கொஞ்சம் உயரம் வர வாய்ப்பிருக்கிறது என்று காட்ட டாக்டரின் அறிக்கையையே அணிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 18 வயதுப் பையன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு எலும்புகளுக்காக வாதாட வேண்டியிருந்தது என்பதே அந்த வியாபாரம் எப்படிப்பட்டது என்று காட்டிவிடும். அப்படியும் 61 பேர் போன பிறகு, 62-ஆவதாகத்தான், இரண்டாம் சுற்றின் கடைசிப் பக்கத்தில் மான்ட்ரியல் அவரை எடுத்தது. அதே மான்ட்ரியல் அதற்கு முன் மூன்று முறை வேறு பையன்களை எடுத்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் 39 ஆட்டங்களில் 48 புள்ளிகள். 2024-25-ல் என்.ஹெச்.எல்.-லில் முதல் முழு சீசன், 82 ஆட்டங்களில் 6 கோல், 60 அசிஸ்ட், கையில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. ஒரு புதுமுக டிஃபென்ஸ்மேன் 60 அசிஸ்ட் எடுப்பது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்திருந்தது, 1980-81-ல் லாரி மர்ஃபி. உயரம் இப்போது 5 அடி 9 என்று போடுகிறார்கள். எடை 162 பவுண்டு, அதாவது 73 கிலோ சொச்சம். ஆட்டத்துக்குச் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் ஐஸில் நின்றார், ஒளித்துவைத்து ஆட வைக்கவில்லை.

சரி, ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு உயரம் எதற்கு? முதலில் எட்டும் தூரம். எதிராளி பக்கோடு உள்ளே வரும்போது, அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கைநீளமும் மட்டைநீளமும் சேர்ந்துதான் அடைக்கின்றன. டிஃபென்ஸ்மேன் ஸ்டெனோ காரா 6 அடி 9 அங்குலம். மட்டைக்கு 63 அங்குலம்தான் உச்சவரம்பு, ஆனால் 6 அடி 6-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 65 வரை விதிவிலக்கு உண்டு, அவர் அதைப் பயன்படுத்தினார். அவர் ஒரு பக்கம் நின்றால் அந்தப் பக்கம் வழியே கிடையாது. இரண்டாவது கோல் வலைக்கு முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளு. கோல்கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு 220 பவுண்டு ஃபார்வர்ட் வந்து நின்றால் அவனை நகர்த்த வேண்டும், 160 பவுண்டு ஆளால் அவனைப் பெயர்க்க முடியாது, மட்டையை மட்டும் தூக்கிவிடலாம். இதில் எல்லாம் நான் உயரக் கட்சியோடு சண்டைக்கு நிற்க மாட்டேன்.

ஆனால் ஒரு டிஃபென்ஸ்மேன் ஒரு ஆட்டத்தில் அதிகமாகச் செய்கிற வேலை இது இல்லை. எதிரணி பக்கை உங்கள் மூலைக்கு அடித்துவிடும், நீங்கள் திரும்பி ஓட வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒருவன் உங்களை மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து நசுக்க வருகிறான், ஒரு நொடிக்குள் பக்கை எடுத்து எந்தப் பக்கம் திரும்புவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு ராத்திரிக்கு எத்தனையோ தடவை இது நடக்கும். இதில் ஜெயிப்பவன் தோள்பட்டை அகலமானவன் இல்லை, ஓடும்போதே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டவன். ஹட்சன் ஒரு தோள் அசைவில் துரத்துகிறவனை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டு இந்தப் பக்கம் வெளியே வருவதைப் பாருங்கள், அடி விழுவதற்கு ஆளே அங்கே இருக்க மாட்டார். பக் உங்களிடம் இருக்கும் நேரத்தில் வலைக்கு முன்னால் யாரையும் தள்ள வேண்டிய வேலையும் இல்லை.

இது எப்போதுமே இப்படி இருக்கவில்லை. 90-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் மட்டையால் இழுப்பது, கட்டிப்பிடிப்பது, வழிமறிப்பது எல்லாம் பாதிக்குப் பாதி கண்டுகொள்ளப்படாமல் போகும், அப்போது பெரிய உடம்பு நிஜமாகவே பெரிய சொத்து. 2004-05 சீசன் முழுக்கக் கதவடைப்பில் போன பிறகு, திரும்பி வந்தபோது அதற்கெல்லாம் கறாராகப் பெனால்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நீளமாகப் பாஸ் கொடுக்கவும் அனுமதி வந்தது. தன் எல்லையிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கத் தெரிந்த டிஃபென்ஸ்மேனுக்கு விலை ஏறியது அதன் பிறகுதான். ஆட்டம் மாறி 20 வருடம் ஆகிவிட்டது, ட்ராஃப்ட் மேஜையில் உட்காருகிறவர்கள் பாதி வழியில்தான் வந்திருக்கிறார்கள்.

பழைய ட்ராஃப்ட்களைப் புரட்டினால் இதற்குச் சாட்சி வரிசையாக நிற்கும். 2004-ல் அட்லாண்டா 10-ஆவதாக போரிஸ் வலபிக்கை எடுத்தது, 6 அடி 7. என்.ஹெச்.எல்.-லில் மொத்தம் 80 ஆட்டங்கள். அதே வருடம் 29-ஆவதாகப் போன மைக் கிரீன் பிற்பாடு ஒரே சீசனில் 31 கோல் அடித்தார். 2010-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ், மறுபடி 10-ஆவது இடம்தான், 6 அடி 5 டிலன் மெக்கில்ராத். உடம்பும் முஷ்டியும் பார்த்து எடுத்தது. அவர் ஆடிய என்.ஹெச்.எல். ஆட்டங்கள் நூறைத் தொடவில்லை. இரண்டு இடம் தள்ளி அனஹைமுக்குப் போன கேம் ஃபவுலர் ஆயிரத்தைக் கடந்துவிட்டார். ஃபவுலரும் குள்ளமில்லை, 6 அடி 2. குள்ளம் நெட்டை என்பதைவிட, ஸ்கேட்டிங்கைத் தாண்டி உடம்பைப் பார்த்ததுதான் அங்கே நடந்த தப்பு.

எனக்கு இதில் பிடித்தது 2016. வின்னிபெக் 22-ஆவது இடத்தில் இருந்தது, கூட 36-ஆவது இடத்தையும் கொடுத்து 18-க்கு ஏறிப் போய் 6 அடி 7 லோகன் ஸ்டான்லியை எடுத்தது. அவர் காணாமல் போகவில்லை, லீகில் ஆடினார், ஆனால் பல வருடம் மூன்றாம் ஜோடியில் (டிஃபென்ஸ்மேன்கள் ஜோடி ஜோடியாக இறங்குவார்கள், மூன்றாவது ஜோடிக்குத்தான் நேரம் குறைவு), அதுவும் நிறைய ஆட்டங்களில் அணிக்கு வெளியே. அதே ட்ராஃப்டில் 47-ஆவதாகப் போனவர் 5 அடி 10 சாமுவேல் ஜிரார்ட். 66-ஆவதாகப் போனவர் ஆடம் ஃபாக்ஸ், 5 அடி 11, 2021-ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாங்கினார். அதை அடுத்த வருடம் வாங்கிய கேல் மக்காரும் 5 அடி 11, 2024-ல் வாங்கிய க்வின் ஹியூஸ் 5 அடி 10, அந்த வருடம் 92 புள்ளிகள்.

இந்த இடத்தில்தான் என் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை. ஹட்சன், ஹியூஸ், ஃபாக்ஸ் என்று பெயர்களை அடுக்கிவிட்டு "பார்த்தீர்களா, உயரமே தேவையில்லை" என்கிறார்கள். ஜெயித்தவன் பெயர்தான் நமக்குத் தெரியும். ஜூனியர் லீகில் பவர் ப்ளேயில் (எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்து ஆடும் நேரத்தில்) புள்ளிகளாகக் குவித்துவிட்டு, பெரியவர்கள் லீகுக்கு வந்ததும் மூலையில் நசுங்கி, இரண்டு வருடத்தில் ஐரோப்பாவுக்குப் போய்விட்ட 5 அடி 9 பையன்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உயரமான பையனுக்கு மூன்றாம் ஜோடி என்று ஒரு ஆறுதல் இடம் உண்டு: தன் அணி பெனால்டியால் ஆள் குறைந்து ஆடும்போது நிற்கலாம், ஷாட்டைத் தடுக்கலாம், 14 நிமிடம் சத்தமில்லாமல் ஆடிவிட்டுப் போகலாம். குள்ளமானவன் சுமாராக ஆடினால் பயிற்சியாளர் அந்த இடத்தை அவனுக்குக் கொடுக்கவே மாட்டார். முதல் நான்கு பேரில் ஒருவன், இல்லாவிட்டால் கீழ் லீக். அதனால் கொஞ்சம் நன்றாக ஸ்கேட் செய்யும் குள்ளப் பையனை எடுப்பது வீண். அவன் காலும் தலையும் அசாதாரணமாக இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் நான் தொட மாட்டேன்.

புள்ளிகள்தான் அந்த அசாதாரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜேரட் ஸ்பர்ஜனைப் பாருங்கள். 5 அடி 9, 2008-ல் 156-ஆவதாக எடுத்த ஐலண்டர்ஸ் அணி அவரோடு ஒப்பந்தமே போடவில்லை. மினசோட்டா சேர்த்துக்கொண்டது, பிறகு கேப்டனே ஆனார். அவர் பெருமை எல்லாம் தடுப்பாட்டத்தில்தான். பக் எங்கே வரும் என்று முன்னாலேயே அங்கே போய் நின்றுவிடுவார், உதைபடவே நேரம் வராது. டோரி க்ரூக் இன்னொரு ரகம். அவரும் 5 அடி 9, ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2019 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஹெல்மெட் கழன்று விழுந்த பிறகும் மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடிப்போய் செயின்ட் லூயிஸின் ராபர்ட் தாமஸைத் தூக்கி அடித்தாரே, அந்த வீடியோவை இன்றைக்கும் பார்க்கலாம்.

"ப்ளே-ஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) பார்க்கலாம்" என்பது எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரம். அதில் விஷயம் இருக்கிறது. 2023-ல் கோப்பை வென்ற வேகஸின் ஆறு டிஃபென்ஸ்மேன்களில் ஆறடிக்குக் குறைந்தவர் ஒருவருமில்லை, நிக்கோலஸ் ஹேக் 6 அடி 6. ஃப்ளோரிடாவும் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளைப் பெரிய உடம்புகளோடுதான் வாங்கியது, எக்ப்ளாட் 6 அடி 4. ஆனால் அதே ஃப்ளோரிடாவின் முதல் ஜோடியில் எதிரணியின் சிறந்த ஆட்களைக் கட்டிப்போட்ட குஸ்டாவ் ஃபோர்ஸ்லிங் யார்? 2014-ல் 126-ஆவது ஆள், நடுத்தர உடம்பு, 2021-ல் கரோலினா விட்டுவிட, பதிலுக்கு ஒரு ஆட்டக்காரரைக்கூடக் கொடுக்காமல் வேய்வர்ஸில் (ஒரு அணி கைவிடும் ஆளை இன்னொரு அணி எடுத்துக்கொள்ளும் முறை) கிடைத்தவர். 2022-ல் கொலராடோ ஜெயித்தபோது ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் மக்கார். ஆனால் அதே ப்ளே-ஆஃபில் ஜிரார்ட் ஒரு இடியில் நெஞ்செலும்பு உடைந்து வெளியேறினார், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் காரா எங்கே வருகிறார் தெரியுமா? 1996-ல் 56-ஆவது, மூன்றாம் சுற்று. அவ்வளவு உயரத்துக்கு ஹாக்கி சரிப்படாது, கூடைப்பந்து ஆடப் போ என்று சொல்லப்பட்ட பையன். கடைசியில் 1,680 ஆட்டங்கள், எந்த டிஃபென்ஸ்மேனும் ஆடாத எண்ணிக்கை. பையன்களைப் பார்த்துத் தேடும் ஸ்கவுட்களுக்கு உயரம் பிடிக்கும், ஆனால் தாங்கள் முன்னால் பார்த்துப் பழகிய உயரம் மட்டும்தான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறடி ஐந்து பையன் சொதப்பினால் "இன்னும் உடம்பு பழகவில்லை" என்று ஐந்து வருடம் பொறுப்பார்கள், ஐந்தடி ஒன்பது பையன் ஒரு தடவை வலைக்கு முன்னால் தோற்றால் "அன்றைக்கே சொன்னேனே" என்பார்கள். அந்தப் பையனை எடுத்த ஸ்கவுட்டின் வேலைக்கும் அதே ஆபத்து, அதனால் எடுப்பதே இல்லை.

நான் மேஜையில் உட்கார்ந்தால் என்ன செய்வேன்? முதல் பத்துக்குள், ஆட்டம் சரிசமம் என்றால் உயரமானவனை எடுப்பேன். சரிசமம் என்றால் மட்டும். 40-ஆவது இடத்துக்குப் பிறகு கணக்கைத் திருப்பிப் போடுவேன், ஏனென்றால் அங்கே மிச்சமிருக்கும் பெரிய பையன்கள் ஸ்கேட்டிங் வராததால் மிஞ்சியவர்கள், மிச்சமிருக்கும் குள்ளப் பையன்களில் ஒருவனாவது உயரத்தால் மட்டும் மிஞ்சியவன். அப்படிப்பட்டவன் ஒரு அணிக்கு ஒருவன் போதும், மிஞ்சினால் இருவர். மான்ட்ரியல் ஹட்சனைச் சுற்றி கேடன் கூலி, ஆர்பர் ஜெக்காய், இப்போது 6 அடி 4 நோவா டாப்ஸன் என்று பெரிய ஆட்களாக நிறுத்தியிருப்பதில் எனக்குப் புகாரே இல்லை, அடுத்த ஹட்சன் வேறு எங்காவது போகட்டும்.

போயும் விட்டார். 2024-ல் வாஷிங்டன் அணி லேனின் தம்பி கோல் ஹட்சனை 43-ஆவதாக எடுத்தது, அவரும் டிஃபென்ஸ்மேன்தான், அண்ணனைவிட ஓரிரு அங்குலம் உயரம். அண்ணனைவிட 19 இடம் முன்னால் போனது அந்த அங்குலத்துக்காகவா, அதற்குள் அண்ணன் பாஸ்டனில் ஆடிக் காட்டிவிட்டதற்காகவா என்று கேட்டால், அண்ணனால்தான் என்பேன். அப்போதும் 42 பேர் அவருக்கு முன்னால் போயிருந்தார்கள்.