எம் என்றால் எத்தனை சைபர்?

வங்கித் தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்கு மார்க் போனது கூட்டல் பெருக்கலில் அல்ல. அட்டவணையின் மூலையில் பொடியாக நிற்கும் எம் (மில்லியன்), பி (பில்லியன்), சிஆர் (கோடி) எழுத்துகளில்தான்.

அது உறைத்தது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், மாமா வேலை பார்க்கும் இறால் கம்பெனி வாசலில். 2023-24இல் இந்தியக் கடல் உணவு ஏற்றுமதி 7.38 பில்லியன் டாலர் என்று போனில் வாசித்தேன். எடை போட்டுக்கொண்டே, "பில்லியன்னா எத்தனை கோடி மாப்ள?" என்றார். "இதுல 73 கோடி வரும் மாமா" என்றேன் கெத்தாக. பத்து மடங்கு குறைத்துவிட்டேன்!

சைபரை எண்ணாதீர்கள், பதற்றத்தில் ஒன்று விட்டுப்போகும். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்த மூன்றும் வாயில் நின்றால் போதும். பழகுவதற்கு ஊர்க் கணக்கையே எடுங்கள். புதிய பாம்பன் பாலத்துக்கு ஏறத்தாழ 550 கோடி ரூபாய். பில்லியனில் 5.5, மில்லியனில் 550. இல்லை, 5,500! இப்படித்தான் வழுக்கும்.

கே-யில் சிக்கல் இல்லை, ஆயிரம்தான். எம்தான் ஆளை ஏமாற்றும். ரோமன் எண்ணில் எம் என்றால் ஆயிரம். அதனால் சில நிதி அறிக்கைகளில் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கிய பொருளில் மில்லியனை எம்எம் என்று போடுவார்கள். எரிவாயு விலையில் வரும் எம்எம்பிடியுவில் (10 லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு) உள்ள இரண்டு எம்மும் அதுவே. ஆனால் கமுதி சூரிய மின் நிலையம் 648 எம்டபிள்யூ (மெகாவாட்) என்றால் அங்கே ஒற்றை எம்மே மெகா, அதாவது 10 லட்சம்.

இன்னும் மோசம் எம்டி. அதே ஏற்றுமதிக் கணக்கில் 17,81,602 எம்டி என்று இருந்தது. மெட்ரிக் டன். நான் மில்லியன் டன் என்று வாசித்து வைத்தேன். அத்தனை மீன் இருந்தால் பாக் விரிகுடாவில் தண்ணீருக்கே இடமிருக்காது. விடை வந்ததும் இப்படி ஒரு தடவை ஊர் அறிவோடு உரசிப் பாருங்கள். மாமாவுக்கு இது பழக்கம். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். எண் குறையக் குறைய இறால் பெரிசு, விலையும் கூடுதல். எண்ணை மட்டும் பார்த்து அவர் ஒருநாளும் விலை சொல்லமாட்டார்.

அப்புறம், பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974இல் பிரிட்டன் அரசு தன் கணக்குகளுக்கு இன்றைய அளவை ஏற்றது. தேர்வுக்கு 100 கோடிதான்.

மறுநாள் போய், "738 கோடி டாலர் மாமா" என்று திருத்திச் சொன்னேன்.

"ரூவாய்ல?"

"60,523 கோடி."

கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார். "740ஐ 82ஆல பெருக்குனா 60,680. டாலர் 82 ரூவாக் கணக்கு. சரியாத்தான் இருக்கு" என்றவர், பெட்டியில் ஐஸ் அள்ளிப் போடப் போய்விட்டார்.