41-ஆம் எண்

2020 நவம்பர் 17
ஆன்லைன் வகுப்புக்கு 46 பேர் வந்தார்கள். திரையில் 46 வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு முதலெழுத்து. "கேட்குதா?" என்று மூன்று தடவை கேட்டேன். "கேட்குது மேம்" என்று ஒருத்தி மட்டும் எழுதினாள். வருகைப் பட்டியலில் 41-ஆம் எண் வரவில்லை.

நவம்பர் 18
அம்மாவுக்குக் காலையில் 99. சாயங்காலம் 100.4.

நவம்பர் 19
கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் பேசுவதை விட்டுவிடப் போகிறேன். எழுதச் சொல்லித்தரும் வகுப்பில் நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன், பிள்ளைகள் எழுதவே இல்லை. இனி வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் பத்து நிமிட ஆடியோ. திங்கள் முதல் வரைவு, அதற்கு மார்க் கிடையாது. நாலு நாலு பேராக ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும். "சூப்பர்" போடக் கூடாது, ஒரு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டாம் வரைவு. ஆடியோ என்றால், சொந்தப் போன் இல்லாத பிள்ளை அண்ணன் வேலை முடிந்து போனைக் கொண்டுவந்த பிறகும் கேட்கலாம். ஜவ்வாது மலைப் பையனும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் இறக்கிக்கொள்வான்.

நவம்பர் 23
41 அனுப்பவில்லை.

நவம்பர் 25
புயல் விடுமுறை. நிவர் ராத்திரி கரையைக் கடக்குமாம். காட்பாடியில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. சார்ஜ் 30 சதவீதம். டாக்டர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். ஆனாலும் எட்டுக் கட்டுரை படித்துவிட்டேன்.

நவம்பர் 27
41 அனுப்பிவிட்டாள்! குடியாத்தம் பக்கம். நோட்டுத் தாளை போட்டோ எடுத்திருக்கிறாள். ஓரத்தில் கட்டைவிரல், நகத்தடியில் காய்ந்த பசை. "எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவோம். கஷ்டமாக இருக்கும்." அவ்வளவுதான். கீழே குழுவில் ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "ஒரு நாளைக்கு எத்தனை?" இரண்டு வாரமாக நான் சொல்லிக்கொடுக்கத் தவித்தது இந்தக் கேள்வியைத்தான்.

நவம்பர் 29
கார்த்திகை தீபம். வாசலில் இரண்டே அகல். குச்சியைக் கிழிக்கும்போது அந்த நகம் நினைவுக்கு வந்தது. உள் அறையிலிருந்து அம்மா, "எண்ணெய் போதுமா பாரு" என்றாள்.

டிசம்பர் 1
இரண்டாம் வரைவு, ஒன்றரைப் பக்கம். "144 பெட்டி ஒரு குரோஸ். அம்மா எண்ணமாட்டாள், அடுக்கின உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் எண்ணித்தான் ஆகவேண்டும்." நாலு தடவை படித்தேன். பாராட்டினால் இதோடு நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கேள்வி மட்டும் அனுப்பினேன்: "எண்ணும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால்?"

டிசம்பர் 2
அம்மாவுக்கு 98.4. ரசம் சாதம் கேட்டாள்.

டிசம்பர் 4
அந்தக் கேள்விக்கு இன்னும் ஒற்றை டிக்.