திலதர்ப்பணபுரியில் மஹாளய அமாவாசை

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் வழியில் பூந்தோட்டத்தில் இறங்கினால், கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது செதலபதி. ஞானசம்பந்தர் 'மதிமுத்தம்' என்று பாடிய திருத்தலம். திலதர்ப்பணபுரி என்றால்தான் இன்று பலருக்கும் தெரியும். மஹாளய அமாவாசையன்று விடிவதற்குள் போய்விட வேண்டும். நாங்கள் போனபோதே நல்ல கூட்டம்.

முதலில் ஆதி விநாயகர். தும்பிக்கை இல்லை, மனித முகம். எத்தனை முறை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் அந்த முகத்தைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்துப் போகிறது.

ராமர் தசரதருக்கும் ஜடாயுவுக்கும் எள்ளும் நீரும் இறைத்த இடம் இது என்பது தலவரலாறு. வேறு இடங்களில் அவர் வைத்த பிண்டங்கள் புழுவாக மாறின. இங்கே அரசலாற்றில் நீராடி வைத்த நான்கும் லிங்கங்களாயின. மண்டியிட்டுப் பிதுர்க்கடன் செய்யும் ராமரையும் அந்த லிங்கங்களையும் இன்றும் தரிசிக்கலாம். பெற்ற தகப்பனுக்குச் செய்த அதே மரியாதையை ஒரு கழுகுக்கும் செய்தாரே, அங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. சூரியனும் சந்திரனும் இங்கே சேர்ந்தே நிற்பதால் இது நித்திய அமாவாசைத் தலம். திதி பார்க்காமல் எந்த நாளும் தர்ப்பணம் கொடுக்கலாம்.

அப்படியிருக்க மஹாளயத்தில் ஏன் இத்தனை கூட்டம்? மற்ற அமாவாசைகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நம் வம்சத்துக்குத்தான் கொடுக்கிறோம். வசு, ருத்திரர், ஆதித்தியர் என்னும் தேவர்களின் ரூபமாக அவர்கள் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். புரட்டாசியை ஒட்டி வரும் இந்தத் தேய்பிறையில் மட்டும் காருண்ய பித்ருக்களுக்கும் இடம் உண்டு: பெரியப்பா, அத்தை, மாமனார், குரு, சிநேகிதர் என எல்லோருக்கும்.

தோளில் கிடந்த துண்டை வலப்பக்கம் மாற்றி, தெற்கே பார்த்து உட்கார்ந்தேன். உள்ளங்கையில் கறுப்பு எள். ஐயர் செம்பிலிருந்து நீரை வார்க்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு தர்ப்பையின் மேல் விழுந்தது. அப்பா பெயரைச் சொல்லும்போது குரல் கம்மியது. முடிந்ததும், "வேற யாருக்காவது கொடுக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் எங்கள் எல்லோருக்கும் ஊசி போட்டவர். கொள்ளி வைக்க அண்ணன் தம்பி கூட இல்லாமல் போனார். "சொந்தம் இல்லீங்க, சாமி. கோத்திரமும் தெரியாது" என்றேன். "அதனால என்ன? பேரைச் சொல்லுங்க" என்று நீரை வார்த்தார். கடைசியாக அவர் சொன்ன மந்திரமும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்: தாயோ தந்தையோ உறவோ இல்லாதவர் எவரோ, அவர்களெல்லாம் நான் விடும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும்.

தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, ஓம்புவதை இல்லறத்தான் கடமைகளில் முதலாவதாக வள்ளுவர் வைத்தார். 'தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும்' புதல்வர் இல்லாதவர்களைப் போர் தொடங்கும் முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்கிறது புறநானூற்றின் 9ஆம் பாட்டு. பிள்ளை இல்லாதவர்களைப் பற்றிய அந்தப் பழங்கவலைக்கு மஹாளயம் ஒரு பெரிய ஆறுதல் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பதினைந்து நாளுக்குக் கர்ணன் கதையையும் சொல்வார்கள். பொன்னாகவே கொடுத்தவன், முன்னோருக்கு ஒரு பிடி அன்னம் கொடுக்கவில்லை. மேலுலகில் அவன் இலையில் விழுந்ததும் பொன்தான். சோறு போடுவதற்காகத் திரும்பி வந்தானாம். அதனால் தர்ப்பணத்தோடு எழுந்துவிடாதீர்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். பசுவுக்கு அகத்திக்கீரை அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று. கூட்டத்தில் உட்கார்ந்தால் பெயர்கள் மறந்துபோகும். அம்மா வழி, அப்பா வழி, அக்கம்பக்கம் என்று பெரியவர்களைக் கேட்டு, வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.