காற்றடிக்க ஒரு ஆள் வேண்டும்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று ஜேர்மனிக் கிளைச் செயலாளர் கலைத்துக்கொண்டு திரிகிறார். மாங்காய்க் களவையும் கிரிக்கெட் பெருமையையும் மற்றவர்கள் எழுதட்டும், நான் ஜேர்மன் இசையமைப்பாளர் யோகான் செபஸ்தியான் பாக் பற்றி எழுதுகிறேன்.

காரணம் இருக்கிறது. பெரிய வெள்ளி நெருங்கும்போது கல்லூரிச் சிற்றாலயத்தில் 'இரத்தம் காயம் குத்தும்' பாடுவோமே, சைவப் பிள்ளைகளும் சேர்ந்து தொண்டை கிழியப் பாடினோமே, அந்த மெட்டு ஹாஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டினுடையது! பிறகு அது தேவாலயத்துக்குள் வந்து, இயேசுவின் பாடுகளைப் பாடும் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற பெரிய இசைப்படைப்பில் ஐந்து இடங்களில் ஒலிக்கிறது. இங்கே ஒரு தேவாலயத்தில் அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பாட்டு வாத்தியார்தான் ஞாபகம் வந்தார்.

அந்த ஆசையில்தான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை பாக் பிறந்த ஐசனாக் நகரத்துக்குக் கூட்டிப்போனோம். 'மாமேதை' என்று தொடங்கினால் பிள்ளைகள் அந்த நிமிடமே ஃபோனை எடுத்துவிடுவார்கள். அதனால் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பையன் பாக்கைப் பற்றி மட்டும் சொன்னேன். 1685இல் பிறந்து, பத்து வயது நிறையுமுன் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்து ஓர்ட்ரூஃபில் தமையன் வீட்டில் வளர்ந்தவர். தமையன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த இசைப் புத்தகத்தைக் கம்பி இடைவெளிக்குள்ளால் உருவி எடுத்து, ஆறு மாதம் நிலா வெளிச்சத்தில் பார்த்து எழுதினாராம். கடைசியில் தமையன் கண்டு அந்தப் பிரதியைப் பறித்துவிட்டார். "அண்ணா ஏன் அப்பிடிச் செய்தவர்?" என்று ஒரு சின்னவள் உண்மையாகவே கோபப்பட்டாள்.

பெரிய பொடியன்களுக்குப் பிடித்தது 1705ஆம் ஆண்டுக் கதை. ஆர்ன்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன் (காற்றுக் குழல்களால் ஒலிக்கும் வாத்தியம்) வாசிக்கும் வேலையில் இருந்தவர், புக்ஸ்டகூட என்ற பேர்போன ஓர்கன் கலைஞரின் வாசிப்பைக் கேட்கவென்று நாலு கிழமை லீவு கேட்டு, லூபெக்குக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்து போய், நாலு மாதமளவில் கழித்துத் திரும்பி வந்து மேலிடத்தில் நல்லாய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாக் இல்ல அருங்காட்சியகத்தில் பழைய வாத்தியங்களை வாசித்தே காட்டுகிறார்கள். சின்ன ஓர்கனுக்குக் காற்றடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றதும் எங்கள் குழப்படிக்காரன் ஒருவன் பாய்ந்து போனான். நடுவில் வேண்டுமென்றே கையை எடுத்தான். சுரம் முனகிக்கொண்டே இறங்கிச் செத்துப்போனது, எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் முடியும்வரை மூச்சுப் பிடித்துக்கொண்டு அடித்தான். அந்தக் காலத்தில் தேவாலயங்களில் இதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தது என்றதும் அவனுக்கு ஒரே புளுகம்.

வீட்டில் பியானோ பழகும் பிள்ளை இருந்தால், 1720இல் பாக் தன் ஒன்பது வயது மகன் ஃப்ரீடமானுக்கு எழுதத் தொடங்கிய கொப்பியில் இருந்து தொடங்குங்கள். எந்த விரல் எங்கே என்று இலக்கம் போட்டுக் காட்டியிருக்கிறார், நல்ல தகப்பன். (எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கும் அந்த ஜி மேஜர் மினுவே என்ற சின்ன நடன மெட்டு பாக்குடையது அல்ல, பெட்சோல்ட் என்ற வேறொருவர் எழுதியது. டீச்சரிடம் பார்த்துச் சொல்லுங்கள்.)

ஐசனாக் போகிறவர்கள் பாக் வீட்டை முதலில் பாருங்கள். வார்ட்பூர்க் கோட்டைக்கு முதலில் ஏறினால் பிள்ளைகள் களைத்துப்போய் ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்கள்.