தொடுவதற்கு முன் வாயால் சொல்: பிளஸ் டூ இயற்பியலில் நான் கரையேறிய கதை

ரிசல்ட் வந்து நான்கு நாளாகிறது. இயற்பியலில் 93. எழுத்துத் தேர்வில் 70க்கு 63, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து முழுதாக 30. பேனர் கட்டும் மதிப்பெண் இல்லைதான். ஆனால் அரையாண்டில் இதே 70க்கு 29 வாங்கி, விடைத்தாளை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தவளுக்கு இது பெரிது. அடுத்த ஆண்டு எழுதப்போகும் மூன்று பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். "எப்படிக்கா படித்தீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் மூன்று விதமாக உளறினேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 29 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டிலிருந்து தினமும் மாலை பஸ் பிடித்து தருமபுரியில் ஒரு டியூஷனுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே 'முக்கிய வினாக்கள்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். இதைத் தாண்டி எதுவும் வராது என்றார்கள். நம்பினேன். காஸ் விதி, பயட்-சாவர்ட் விதி, தொடரில் அமைந்த ஆர்எல்சி சுற்று (மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றும் உள்ள மின்சுற்று) எல்லாவற்றையும் மனப்பாடச் செய்யுள் போல வரி வரியாக உருப்போட்டேன். அரையாண்டில் ஆர்எல்சி வந்தது. இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி மறந்துபோனது. அவ்வளவுதான், கயிறு அறுந்த வாளி. அடுத்த வரி ஏன் வருகிறது என்று தெரிந்திருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிகளின் வரிசைதான்.

அதைவிடக் கேவலம் கணக்கில் நடந்தது. 50 மில்லி ஹென்றி மின்தூண்டியை (அதாவது ஒரு கம்பிச் சுருள், காயில்) 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மூலத்தில் இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு? 'மில்லி'யை விழுங்கிவிட்டேன். 0.014 ஆம்பியர் என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

எங்கள் மாமா காயில் கட்டுகிறவர். போர்வெல் மோட்டார், ஃபேன், மிக்ஸி, எது எரிந்தாலும் அவர் கடைக்கு வரும். எங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கோடை வந்துவிட்டால் கடை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டும். அரையாண்டு விடுமுறையில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் எட்டாவதோடு நின்றவர். சமன்பாடு எதையும் கேட்கவில்லை. "ஒரு குதிரைத்திறன் மோட்டாரே ஆறேழு ஆம்பியர் இழுக்கும். அதில் பாதிகூட இல்லாத காயில், அதுவும் 220இல், இவ்வளவு குறைவாகவா இழுக்கும்? எழுதும்போதே உனக்கு உறுத்தவில்லையா, பாப்பா?" என்றார். உறுத்தவில்லை. சரியான விடை 14 ஆம்பியர். ஆயிரத்தில் ஒரு பங்கை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

அன்று அவர் ஒன்று செய்து காட்டினார். எல்லாக் காயில் கடையிலும் சீரிஸ் லாம்ப் இருக்கும்: ஒரு குண்டு பல்பு, தொடரில் இரண்டு முனை. நல்ல காயிலைத் தொட்டால் பல்பு மங்கலாக எரியும், கம்பி அறுந்திருந்தால் எரியாது, உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் எரிய வேண்டியதைவிடப் பளிச்சென்று எரியும். பழைய டியூப்லைட் சோக்கிலிருந்து பிரித்த காயிலை அதில் மாட்டினார். பல்பு நன்றாகவே எரிந்தது. கையில் ஒரு கத்தை இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு, "இதை நடுவில் சொருகப்போகிறேன். பல்பு என்ன ஆகும்? தொடுவதற்கு முன் வாயால் சொல்" என்றார்.

இரும்பு காந்தத்தைப் பலமாக்கும், ஆகவே பல்பு இன்னும் பளிச்சென்று எரியும் என்றேன். தகடு உள்ளே போகப்போக வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகி, மங்கிக்கொண்டே வந்தது. வெளியே இழுத்தார், பளிச். உள்ளே விட்டார், மங்கல். கடைப் பையன் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நான் சொன்னதில் பாதி சரி. காந்தப்புலம் பலமாகிறது. ஆனால் அது நொடிக்கு 50 முறை முழுச் சுற்றாக மாறிக்கொண்டே இருக்கும் புலம்; அது பலமானால், தன்னை உண்டாக்கிய மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசையும் பலமாகும். லென்ஸ் விதி. தன்மின்தூண்டல் எண் கூடியது, மின்மறுப்பு கூடியது, மின்னோட்டம் குறைந்தது. ஜெராக்ஸ் கட்டில் நான் நூறு முறை எழுதிப் பார்த்த அதே சமன்பாடு, அந்தப் பல்பில் மங்கிக்கொண்டிருந்தது. தப்பாகச் சொன்னதால்தான் அது ஒட்டிக்கொண்டது என்று இன்றும் நினைக்கிறேன். பேசாமல் வேடிக்கை பார்த்திருந்தால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்த முனைகளில் மெயின் லைன் மின்சாரம். மாமா என்னை இன்றுவரை அதைத் தொடவிட்டதில்லை.)

மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டுபிடித்த ஃபாரடே, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். கணிதம் அவருக்கு அதிகம் வராது. புலக்கோடுகளை மனத்தில் வரைந்து, என்ன நடக்கும் என்று யோசித்துத்தான் அவ்வளவும் செய்தார். அதைச் சமன்பாடாக்க மாக்ஸ்வெல் வந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது. இயற்பியல் என்றால் சூத்திரக் கட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜனவரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். 'ஒரு வரி நோட்டு'. எந்தப் பாடத்தைத் தொட்டாலும் முதலில் ஒரு கேள்வி, அதற்கு சூத்திரம் இல்லாமல் ஒரு வரி பதில், பிறகுதான் புத்தகம். அதிலிருந்து சில:

கம்பியை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால்? மின்தடை நான்கு மடங்கு, நீண்டதோடு மெலிந்தும்விட்டது. (முதலில் இரண்டு என்று எழுதி அடித்திருக்கிறேன்.)

ஒளி புகும் இரட்டைப் பிளவை நெருக்கினால்? திரையில் விழும் பட்டைகள் விலகும்.

ஒளிமின் விளைவில் (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வருவது) அதே நிற ஒளியின் செறிவைக் கூட்டினால்? எலக்ட்ரான்கள் அதிகம் வரும், வேகமாக வராது.

சுழல் மின்னோட்டத் தடுப்பு (நகரும் உலோகத்தில் காந்தம் உண்டாக்கும் மின்னோட்டத்தால் பிடிக்கும் பிரேக்) ரயிலை முழுதாக நிறுத்திப் பிடிக்குமா? பிடிக்காது. ஓட்டம் இருந்தால்தான் சுழல் மின்னோட்டம். வேகம் குறையக் குறைய பிடியும் குறையும். இதை சேலம் போகும் பஸ்ஸில், தொப்பூர் கணவாயில் முன்னால் இறங்கிய லாரியின் பிரேக் காயும் வாடையில் யோசித்தேன். அந்த 3 மதிப்பெண் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் எழுதுவேன்.

நான் வாய் ஓயாதவள். மொட்டை மாடியில் நடந்துகொண்டு சத்தமாகப் பேசித்தான் எனக்கு ஏறும். அமைதியாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு என் முறை எரிச்சலாக இருக்கலாம். என் தோழி மனப்பாடம் செய்தே 96 வாங்கியிருக்கிறாள். அவளுக்கு அப்படி ஒரு நினைவாற்றல். எனக்கு இல்லை.

மற்றவை, அவசரமாக:

24ஆம், 33ஆம் கேள்விகள் கட்டாயம். பெரும்பாலும் கணக்குதான். சாய்ஸ் கிடையாது. அவற்றை நம்பித்தான் கணக்குப் போட்டுப் பழக வேண்டும், எடுத்துக்காட்டுக் கணக்குகள் உட்பட.

விடை வந்ததும் அளவைப் பாருங்கள். மில்லி, மைக்ரோ, நானோ. ஒரு கணக்கு முடிந்தால் "இது நடக்கிற காரியமா?" என்று ஒரு கேள்வி. இதை மட்டும் பத்துமுறை எழுதலாம் போலிருக்கிறது.

வருவிப்புக்குப் படம் முதலில். படம் சரியாக இருந்தால் மறந்த வரியைப் படமே எடுத்துக் கொடுக்கும்.

ஒரு மதிப்பெண் கேள்விக்குக் குறியீட்டோடு (அ, ஆ, இ, ஈ) விடையையும் எழுதுங்கள்.

கதிர் ஒளியியலில் குறியீட்டு மரபை (தூரங்களுக்குக் கூட்டல், கழித்தல் குறி போடும் விதி) தவிர வேறெதற்கும் பயப்பட வேண்டாம்.

செய்முறை பற்றி ஒரே ஒரு விஷயம். மாதிரித் தேர்வில் எனக்கு டேன்ஜென்ட் கால்வனோமீட்டர் வந்தது; காயிலுக்கு நடுவில் காந்த ஊசி வைத்து, அது விலகும் கோணத்தை அளக்கும் கருவி. காயிலை வடக்கு-தெற்குத் தளத்தில் நிறுத்தி, அலுமினியக் குறிமுள்ளைச் சுழியில் கொண்டுவந்து, மின்னோட்டம் விட்டேன். முள்ளின் இரு முனைக்கும் இரண்டு, திசையை மாற்றி இரண்டு, ஆக நான்கு அளவீடு எடுக்க வேண்டும் அல்லவா? திசையை மாற்றினால் 45 இருக்க வேண்டிய இடத்தில் 38 காட்டியது. மூன்றுமுறை இணைப்பைக் கழற்றி மாட்டினேன். ஆய்வக உதவியாளர் அக்கா வந்து எதுவும் பேசாமல், காந்த ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த என் ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனார். தகர டப்பா. முள் தானாகச் சரியானது.

பொதுத்தேர்வில் போன அந்த 7? பதினோராம் அலகை (இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகள்) 'கதை போல இருக்கிறது' என்று கடைசி இரவுக்குத் தள்ளினேன். அதில் ஒரு கேள்வி போனது. மீதியெல்லாம் நேரம். ஒரு மதிப்பெண் பகுதியில் இரண்டு கேள்வியோடு மல்லுக்கட்டி இருபது நிமிடம் தொலைத்ததில், கடைசி ஐந்து மதிப்பெண் விடை பாதியில் நின்றது. விடைத்தாள் நகல் கேட்கப்போவதில்லை, எனக்கே தெரிகிறது.

ரிசல்ட் அன்று கடைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். ஏழெட்டு மோட்டார் வரிசையில் கிடந்தது, நிமிரக்கூட நேரமில்லை. "சரி. இதைப் பார். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. கையால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றுகிறது. என்ன போயிருக்கும்?" என்றார். கண்டென்சர் என்றேன். டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போடச் சொல்லிப் பையனிடம் நீட்டினார்.

ஒரு வரி நோட்டைத் தெருவில் ஒருத்தி வாங்கிப் போய்விட்டாள். வேண்டும் என்பவர்கள் அவளிடம் கேளுங்கள். நான்காம் அலகின் (மின்காந்தத் தூண்டல்) பக்கங்களில் வார்னிஷ் கொட்டி ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது மெதுவாக.