புதைத்த ஃபிலிமும் இருபது விநாடிப் படமும்

முதல் முறை தோண்டியபோது கையில் வந்தது கண்ணாடி போல வெளிறிய வெறும் பட்டை. ஐப்பசி மழையில், வாழை மரத்தடியில் 25 நாட்கள் கிடந்த 15 அடி 35 மி.மீ. ஃபிலிம். ஓரத்துத் துளைகள் அப்படியே இருந்தன. படம் ஒரு கட்டத்தில்கூட (ஃபிரேமில்கூட) இல்லை. கடைசியாக ஒட்டியிருந்த செந்நிறக் குழம்பும் வாளித் தண்ணீரோடு போய்விட்டது. பெரியப்பா பல ஆண்டுகள் பத்திரப்படுத்திய துண்டு அது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியப்பா எங்கள் ஊர்த் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவர். அறுந்த ரீலுக்கு ஒட்டுப் போடும்போது வெட்டிய துண்டுகளையும், பெட்டியோடு திரும்பிப் போகாத ரீல் வால்களையும் (ரீலின் கடைசித் துண்டுகள்) பிஸ்கட் டின்களில் சேர்த்து வைத்திருந்தார். ஃப்யூஸ் போன குண்டு பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அந்தத் துண்டுகளை எனக்குச் சுவரில் காட்டியவரும் அவர்தான்.

ஃபிலிமையே சிதைத்துப் படம் எடுப்பவர்களைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஸ்டான் பிரக்கேஜ் 1963இல் கேமரா இல்லாமலே, விட்டில் பூச்சிகளின் இறகுகளையும் இதழ்களையும் ஒளிபுகும் நாடாவுக்குள் ஒட்டி ஒரு படம் செய்தார். ஜெர்மனியில் ஷ்மெல்ஸ்டாஹின் குழுவினர் 1980களில் சூப்பர் 8 என்ற 8 மி.மீ. ஃபிலிமைத் தோட்டத்து மண்ணில் புதைத்தார்கள். இதைப் படித்த அன்றே மண்வெட்டியைத் தேடினேன். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். வரிசை மாறியதற்கு அந்த 15 அடி பலியானது.

ஃபிலிமில் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்கு அது விருந்து. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அவை சீண்டுவதில்லை. ஜப்பானின் திரைப்படக் கலைஞர் டொமொனாரி நிஷிகாவா, ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், 100 அடி 35 மி.மீ. நெகட்டிவை உதிர்ந்த இலைகளுக்கு அடியில் புதைத்தார். 2014 ஜூன் 24 மாலை புதைத்து, மறுநாள் சூரியன் உதிக்கும்போது எடுத்துவிட்டார். அவர் நோக்கம் வேறு, ஃபிலிமும் வேறு. ஆனாலும் 'ஒரே இரவு' என்ற அந்தக் கணக்கு என்னை உலுக்கியது. எவ்வளவு காலம் புதைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டாம் முறை நான்கு சிறு துண்டுகளைப் புதைத்து, இரண்டு நாளுக்கு ஒன்றாக எடுத்தேன். முதல் துண்டில் மாற்றமே இல்லை. நான்காம் நாள் எடுத்ததில் எமல்ஷன், அதாவது படம் தாங்கும் அந்த ஜெலட்டின் பூச்சு, பால் மேல் படியும் ஏடு போலச் சுருங்கியிருந்தது. ஆறாம் நாள் அது தீவு தீவாகப் பிரிந்திருந்தது. எட்டாம் நாள் முக்கால்வாசி போய்விட்டது. எங்கள் மண்ணுக்கும் அந்த மழைக்கும் ஐந்து நாள் என்று முடிவு செய்தேன். உங்கள் மண்ணில் இந்தக் கணக்கு மாறும். துண்டு போட்டுப் பார்க்காமல் முழுச் சுருளைப் புதைக்காதீர்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிடாத மிகப் பழைய ஃபிலிம் கிடைத்தால் அதைத் தொடவே வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது.

இந்த முறை பெரியப்பாவிடம் கேட்டுத்தான் 30 அடி ரீல் வாலை எடுத்தேன். ஒரு பாடல் காட்சியின் முடிவு. நீலம் வெளிறி, நாயகியின் முகம் முழுக்கச் சிவந்து போயிருந்தது. ஐந்தாம் நாள் எடுத்து, தேய்க்காமல், தண்ணீரில் முக்கி முக்கி மட்டும் கழுவினேன். ஈரத்தில் விரல் பட்டால் கன்னம் வழுக்கிக்கொண்டு தாடைக்கு வந்துவிடும். நிழலில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். இரவில் கரப்பான் ஓர் அடியைத் தின்றது. வெட்டி ஒட்டுப் போட்டேன்.

காயும் நாட்களில், பின்னாளில் வந்த ஒரு டிரெய்லர் துண்டை ஊசியால் கீறினேன். எந்தப் பக்கம் கீறுவது என்று பெரியப்பாதான் சொன்னார்: "உதட்டை நனைத்து வைத்துப் பார். ஒட்டுகிற பக்கம்தான் மருந்துப் பூச்சு." மெல்லக் கீறினால் பச்சைக் கோடு, இன்னும் அழுத்தினால் மஞ்சள், அடிவரை போனால் வெள்ளை. கலர் பிரிண்டில் மேலே மெஜந்தா (நீலம் கலந்த சிவப்பு), நடுவே சயான் (பச்சை கலந்த நீலம்), அடியில் மஞ்சள் என்று மூன்று அடுக்குகள். ஊசி ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு இறங்குகிறது. கறுப்பு இரவுக் காட்சிக்குள்ளிருந்து அந்தப் பச்சை எழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தத் துண்டைப் பழையதோடு சேர்க்க முடியவில்லை. இது பாலியஸ்டர் ஃபிலிம்; இதில் பழைய ஒட்டுப் பசை பிடிக்காது. டேப்தான் வேண்டும். என்னிடம் அது இல்லை.

புதைத்த ஃபிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டவும் வழியில்லை. உதிரும் எமல்ஷன், லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் 'கேட்' என்ற இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அடியில் விளக்கு வைத்த பால் கண்ணாடி மேல் பரப்பி, ஒவ்வொரு கட்டமாகக் கேமராவில் எடுத்தேன். அடிக்கு 16 கட்டம். கரப்பான் தின்றது போக 29 அடிக்கு 464 கட்டங்கள். இரண்டு வாரம் ஆனது. விநாடிக்கு 24 கட்டம் ஓடவிட்டால் இருபது விநாடிகூட முழுதாக இல்லை.

வீட்டுச் சுவரில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாயகியின் முகம் கொதிப்பது போலிருந்தது. கண் மட்டும் சில கட்டங்களில் மீண்டு வந்து மறைந்தது. முடிய ஒரு விநாடி இருக்கும்போது வலது மேல் மூலையில் ஒரு வெள்ளை வட்டம் மின்னியது. அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றச் சொல்லும் குறி. பெரியப்பாவின் வலது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து சட்டென்று எழுந்தது.

"அது நான் போட்டது," என்றார். "கம்பெனி போட்ட புள்ளி மங்கல் என்று ஊசியால் நானே ஆழமாகக் கீறினேன். இன்னொரு தடவை போடு."