டக், சர்ர்

பக்கவாதம் வந்த ஏழாவது வாரத்தில்தான் என் நடையின் சத்தத்தை நானே காதுகொடுத்துக் கேட்டேன். வலது கால் ‘டக்’கென்று விழும். கொஞ்சம் இடைவெளி விட்டு ‘சர்ர்’ என்று ஒரு இழுப்பு. அது இடது கால்.

பிசியோதெரபிக்கு வந்த பெண் முதல் நாள் பயிற்சி எதுவும் தரவில்லை. ஒரு நிமிடம் நடக்கவிட்டு அடிகளை எண்ணினார். 52. செல்போனில், சீராக ‘டிக் டிக்’ என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை அதே 52-க்கு வைத்து என் சட்டைப் பையில் போட்டார். “எல்லாரும் நூறு, நூத்திப்பத்துன்னு நடப்பாங்க சார். நமக்கு இப்போதைக்கு இதுதான் தாளம்” என்றார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டிக்குக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றித் தட்டினேன். அப்புறம் எழுந்து நின்று உடல் எடையை இரண்டு பக்கமும் மாற்றினேன். அதன்பிறகே நடை, இடுப்பு பெல்ட்டை அவர் பிடித்திருப்பார். டிக் கேட்ட பிறகு காலை எடுப்பதுதான் நான் செய்த தப்பு. டிக் விழும்போது பாதம் தரையில் இருக்க வேண்டும். கச்சேரியில் தாளம் போடுகிறவர் அடி விழும்வரை காத்திருந்தா கையைத் தூக்குகிறார்? அடுத்த டிக் எப்போது வரும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் மூளை காலை அதற்குள் தயார் செய்துவிடுகிறதாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாட் குழுவினர் 1990-களில் இதைப் பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்து முறைப்படுத்தியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு கூத்து. டிக் டிக் கேட்டுச் சலித்துப்போன பையன் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். மனசு துள்ளியது, கால் துள்ளவில்லை. நிலைப்படியில் விரல் தட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பித்தேன். மறுநாள் பிசியோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பாட்டு வைக்கலாம், ஆனால் அதன் வேகம் என் அடிக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்.

52 சரியானதும் 55, பிறகு 58. சர்ர் கேட்டால் உடனே பழைய எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும். 64-லிருந்து மூன்று முறை இறங்கியிருக்கிறேன்.

கடைசிக் கட்டம்தான் கஷ்டம். சத்தத்தை நிறுத்திவிட்டு, மனசுக்குள் அதே தாளத்தில் நடக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஒலிக்கவிடுவார். நேராக நடந்தால் ஒத்துப்போகும். கூடத்தின் மூலையில் திரும்பினால் போச்சு, இரண்டு டிக் பின்தங்கியிருப்பேன். திரும்புவதற்கென்றே தனியாக இரண்டு வாரம் போனது.

இப்போது 86. வீட்டுக்குள் மெட்ரோனோம் இல்லாமலே நடக்கிறேன். சாயங்காலம் அலுப்பில் கொஞ்சம் அசந்தால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: “என்னங்க, இழுக்குது.”